எல்லை தாண்டாத எட்டு டப்பாக்கள்

நான் ஒரே ஒரு தடவை சாமியிடம் திருடியிருக்கிறேன். அதுவும் யாரோ ஊர் பேர் தெரியாத சாமி இல்லை. எங்கள் குலதெய்வம் கருப்பசாமியிடம். உண்டியலில் கை வைக்கவில்லை, அரிவாளைத் தொடவில்லை, விளக்கை எடுக்கவில்லை. ஆட்டுக்கறி. எட்டு டப்பா. விடிந்ததும் குளித்து, நெற்றியில் ஒற்றைக் கோடு இட்டு, ரங்கநாதரைச் சேவித்த பிறகே கடைப்பூட்டைத் தொடுகிற மனிதன் நான். அப்படிப்பட்டவன் ஏன் திருடினேன் என்றால், உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. (உடம்புக்காகத் திருடினேன் என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாலும் சிரிப்பார்கள். கருப்பசாமி சிரிக்கவில்லை.)

ஸ்ரீரங்கத்தில் எனக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி, நாற்காலி, ஜமுக்காளம். சைவச் சமையலுக்குப் போகும் பாத்திரத்துக்கு நீலப் பெயின்ட் புள்ளி, அசைவத்துக்குப் போவதற்குச் சிவப்புப் புள்ளி. இரண்டும் ஒரு நாளும் கலக்காது. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தாலும் இந்தப் புள்ளி விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அக்கிரகாரத்துக் கல்யாணத்துக்கும் என் அண்டாதான், ஆடி மாதக் கிடாவெட்டுக்கும் என் அண்டாதான்.

ஒரு நாள் அந்த அண்டாவின் மூடி ஒன்று நழுவி என் இடது காலில், கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் விழுந்தது. சின்னக் காயம். மஞ்சள் வைத்தேன். ஆறவில்லை. இரண்டு மாதம் ஆகியும் ஆறாததால் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. இன்னும் பரவினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி மல்லிகா அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்தாள். என் விரல் நிலைத்தால் கருப்பனுக்கு ஒரு கிடா என்று வேண்டிக்கொண்டாள். நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன். விரலுக்காக அழுதேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். இனிமேல் அரிசிச் சோறு கிடையாது என்று நர்ஸ் சொன்னதற்காக அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு எதிரே அடுப்பு ரிப்பேர் பார்க்கும் சேகர் எனக்கு ஒரு வழி காட்டினார். அவர் ஆறு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தார். அரிசி, இட்லி, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். கறி, முட்டை, மீன், நெய், பனீர், தயிர் இவை மட்டும். செல்போனில் இதற்கென்று ஒரு குழு இருந்தது. அதில் எல்லோரும் காலையில் ஆளுக்கு நாலு முட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன். அவர் மாத்திரையை விடாதே, நடையை விடாதே, அளவோடு சாப்பிடு என்றார். அளவோடு என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை.

சேகர் சொன்ன முக்கியமான விதி, ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே சமைத்து, வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும் என்பது. பசிக்கிறபோது யோசித்தால் மனசு இட்லிக்குப் போய்விடுமாம். டப்பா தயாராக இருந்தால் போகாதாம்.

நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வீட்டுக் காலண்டர் அதற்கு ஒத்துழைக்கவில்லை. செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் எங்கள் வீட்டில் கறி நுழையாது. அதற்கு மேல் அமாவாசை, கிருத்திகை, ஏகாதசி. சேகர் கொடுத்த ஏழு நாள் பட்டியலை மல்லிகா வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவால் பாதியை அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மிஞ்சியது ஞாயிறு, திங்கள், புதன், வியாழன். அடித்த நாட்களுக்குப் பனீரும் தயிரும். (கோயிலில் கொடுக்கும் புளியோதரைக்கு மட்டும் நான் ஒரு சலுகை வைத்துக்கொண்டேன். பிரசாதத்தில் மாவுச்சத்து கிடையாது.)

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனிந்துவிடுகிறது. விடியும் முன்னே டி.வி.எஸ்.ஸில் காவிரிப் பாலம் தாண்டி, டவுனுக்குள் பாயின் கறிக்கடைக்குப் போவேன். மூன்று கிலோ கேட்டால் அவர் ஒவ்வொரு வாரமும் வீட்டில் விசேஷமா என்று விசாரிப்பார். ஒவ்வொரு வாரமும் இல்லை என்பேன். ஐந்தாவது வாரம் அவர் விசாரிப்பதை விட்டுவிட்டு என்னைக் கவலையோடு பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் நானும் மல்லிகாவும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நான் அந்த அறையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தது அப்போதுதான். அவள் கறி கழுவுவாள், நான் மிளகு இடிப்பேன். அவள் தன் அம்மா வீட்டுக் கதை சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் என்பதே அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் எனக்குத் தெரிந்தது. ஃபிரிட்ஜில் அடித்தட்டை மட்டும் எனக்கு ஒதுக்கினாள். மேல்தட்டில் சாமிக்கு வைக்கும் பால். நடுவில் காலித் தட்டு ஒன்று, இரண்டு நாட்டுக்கும் எல்லை மாதிரி.

விரல் ஆறிவிட்டது. டாக்டர் மாத்திரையால் என்றார். சேகர் முட்டையால் என்றார். மல்லிகா அந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்துப் பூஜை அலமாரிக்கு முன்னால் வைத்தாள். ஒரு விரலுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினால் அதில் யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கருப்பனுக்குத்தான். அவன்தான் அரிவாள் வைத்திருக்கிறான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடாவெட்டு என்று நாள் குறித்தோம். குறித்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வாரச் சமையல் செய்யும் நாள். அன்று முழுக்கக் கோயிலில் இருந்தால், திங்கட்கிழமை என் டப்பா காலி. டப்பா காலியானால் மனசு இட்லிக்குப் போகும். போனால் சர்க்கரை ஏறும். ஏறினால் விரல் போகும். கிடா வெட்டியதே வீண். அந்த வாரம் முழுக்க என் மூளை இப்படித்தான் ஓடிற்று.

எங்கள் கோயில் முசிறிக்கும் தொட்டியத்துக்கும் நடுவில், வாழைத் தோட்டங்களுக்குள்ளே இருக்கிறது. கூரை கிடையாது. ஒரு பெரிய மரம், அடியில் அரிவாள், வேல், மண் குதிரை. அங்கே ஒரு முறை உண்டு. கிடாவை அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பிட வேண்டும். ஒரு துண்டுகூட எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. மிஞ்சினால் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். கரண்டியில் ஒட்டிய மசாலாவைக்கூட வாய்க்காலில் கழுவிவிட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பாத்திரக்காரன் நான்தானே, முப்பது வருஷமாக மற்றவர்களிடம் இந்த முறையைச் சொல்லி மிரட்டிக் கழுவவைக்கிறவனே நான்தான்.

இருந்தும் அந்த ஞாயிறு காலை சிவப்புப் புள்ளி அண்டாக்களை லோடு ஆட்டோவில் ஏற்றியபோது, ஒரு துணிப்பையில் எட்டு எவர்சில்வர் டப்பாவையும் போட்டுக்கொண்டேன். முந்தின நாளே பிளாஸ்திரி ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தேன். திங்கள் மதியம், திங்கள் ராத்திரி, புதன் மதியம், புதன் ராத்திரி, வியாழன் மதியம், வியாழன் ராத்திரி. மீதி இரண்டில் அவசரம் ஒன்று, அவசரம் இரண்டு. (அது ஈரலுக்கு.)

கிடா வெட்டியாயிற்று. பங்காளிகள், மாமன் மச்சான்கள் என்று நாற்பது பேர். குழம்பு கொதிக்கிற வாசனைக்குத் தோட்டத்துக் கிளிகள்கூட அமைதியாகிவிட்டன. படையல் போட்டுக் கற்பூரம் காட்டியதும் எல்லோரும் பந்திக்கு ஓடினார்கள். அடுப்படியில் நானும் அண்டாவும் மட்டும்.

அங்கே நின்று என் மனசு வக்கீல் மாதிரி பேசியது. முறை என்ன? மிஞ்சியதை எடுத்துப்போகக் கூடாது. நான் எடுக்கப்போவது மிஞ்சியதா? இல்லை. பந்தியே இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆகவே இது மிச்சமே இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எட்டு டப்பாவையும் நிரப்பினேன். பையைக் கட்டி, அன்றைக்குத் தேவைப்படாமல் கவிழ்த்திருந்த பெரிய அண்டாவுக்குள் வைத்து, மூடியைப் போட்டுக் கயிற்றால் இறுக்கினேன். பிறகு போய்ப் பந்தியில் உட்கார்ந்து பக்தியோடு சாப்பிட்டேன். பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசியபோது கண்ணை மூடிக்கொண்டேன். பக்தியால் இல்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். வேன் வெளியே ரோட்டில் நின்றது. சனம் எல்லாம் எல்லைக்கல்லைத் தாண்டி நடந்துபோய் ஏறிக்கொண்டிருந்தது. பாத்திரங்களோடு லோடு ஆட்டோ மட்டும் உள்ளே. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அந்தக் கோயிலில் மூன்று நாய்கள் உண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று காது அறுந்தது. காலையிலிருந்து எலும்பு தின்று வயிறு புடைத்து மர நிழலில் செத்ததுபோல் கிடந்தன. வண்டி நகர்ந்ததும் மூன்றும் எழுந்தன. ஓடிவந்தன. செவலையும் காதறுந்ததும் வண்டிக்கு முன்னால் போய், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், குறுக்கே நின்றுகொண்டன. கறுப்பு நாய் பின்பக்கம் வந்து, முன்னங்கால் இரண்டையும் வண்டி மேல் தூக்கிவைத்து, என் அண்டாவைப் பார்த்துக் குரைத்தது. அடுக்கியிருந்த பதினோரு பாத்திரத்தில் அந்த ஒன்றைத்தான் பார்த்தது.

டிரைவர் ஹாரன் அடித்தார். அசையவில்லை. வேனில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள். கருப்பனுக்கு நாய்தான் காவல் என்பது எங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். யாரோ ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

"வண்டில என்னங்க இருக்கு?"

"பாத்திரம்தாங்க."

"பாத்திரத்துக்குள்ள?"

"காலிங்க" என்றேன். குரல் அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

மல்லிகா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். அவள் நாயைப் பார்க்கவில்லை, பூசாரியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னங்க, மூடியத் தொறங்க."

 என் பெரியப்பா மகன் பழனியாண்டி அண்ணன் வண்டிமேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். பையை வெளியே எடுத்தார். அவருக்கு எதையும் உரக்கப் படிக்கும் பழக்கம். பஸ் போர்டைக்கூட உரக்கத்தான் படிப்பார். ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பிடித்து, நாற்பது பேருக்கும் கேட்கும்படி படித்தார்.

"திங்கள் மதியம். திங்கள் ராத்திரி. புதன் மதியம்." நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏன்டா ரங்கா, செவ்வாய்க்கிழமை மட்டும் விரதமா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவர் மேலே படித்தார். அவசரம் ஒன்று என்று வந்ததும் அடக்கியவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். நானே சிரித்திருப்பேன், மல்லிகா சிரித்திருந்தால். அவள் முகம் வெளுத்திருந்தது. மடியில் முடிந்து வைத்திருந்த அந்த மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காணிக்கை போட்ட பிறகும் துணியை மட்டும் வைத்திருந்தாள் போலிருக்கிறது.

நான் என் வக்கீல் வாதத்தைப் பூசாரியிடம் எடுத்துவிட்டேன். இது மிச்சம் இல்லை, பந்திக்கு முன்னாலேயே எடுத்தது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அது இன்னும் பெரிய தப்புங்க. சனம் திங்கறதுக்கு முந்தியே எடுத்திருக்கீங்க."

 மல்லிகா கேட்டாள். "வேண்டுதல் செல்லுமாங்க? அவரு காலுக்காக வேண்டிக்கிட்டது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எட்டு டப்பா கறியைத் திருடவில்லை. அவள் வராந்தாவில் நின்று முடிந்த முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தேன்.

பூசாரி யோசித்தார். புதைக்கவும் முடியாது, புதைப்பது மிச்சத்துக்கு. இது ஆள் பேரில் எடுத்துவைத்த பங்கு, எல்லைக்குள்ளேயே தின்று தீர்க்க வேண்டும், ஒரு துண்டு மிஞ்சாமல் தீர்ந்தால் சாமியிடம் பூ கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஒருத்தனே தின்ன வேண்டுமா என்று பழனியாண்டி அண்ணன் கேட்டதற்கு, சொந்தபந்தம் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆனால் அவனவன் மனசார உட்கார வேண்டும் என்றார்.

நான் வாழை மரத்தடியில் உட்கார்ந்து திங்கள் மதியத்தைத் திறந்தேன். ஏற்கெனவே தொண்டைவரை சாப்பிட்டிருந்தேன். முடித்தேன். திங்கள் ராத்திரியில் பாதியில் கண் இருட்டியது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், யாரும் நகரவில்லை. எல்லோரும் முழுப் பந்தி சாப்பிட்டவர்கள். யாரை வா என்று கூப்பிடுவது?

மல்லிகா வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வேண்டுதல்காரி என்று விரதம் இருந்து, பந்தியிலும் பேருக்கு ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தாள். பையில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்துப் பேரைப் படித்தாள்.

"வியாழன் ராத்திரி எனக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு பழனியாண்டி அண்ணன் வேட்டியைத் தளர்த்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புதன்கிழமை எனக்கு நல்ல நாள் என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வியாழன் மதியத்தை மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள். வேன் டிரைவர், தான் எங்கள் குலம் இல்லையே, ஒரு கை பிடிக்கலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏப்பம் விட்டுக்கொண்டே தின்றார்கள், திட்டிக்கொண்டே தின்றார்கள். கடைசியில் இரண்டு ஈரல் டப்பா மிஞ்சின. பூசாரி அவற்றை வாங்கி நாய்களுக்கு வைத்தார். அவசரம் அவங்களுக்குத்தானே வந்துச்சு என்றார். அவர் பேசியதிலேயே அது ஒன்றுதான் வேடிக்கை. அதையும் சிரிக்காமல்தான் சொன்னார்.

பிறகு அரிவாளின் பிடியில் ஒரு அரளிப்பூவை வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். காற்று இல்லை. பூ அசையவில்லை. மல்லிகா உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் கேட்டேன், கருப்பா, விரலை வேண்டுமானால் எடுத்துக்கொள், அவள் வேண்டுதலை எடுத்துக்கொண்டதாகச் சொல்லிவிடு என்று. வாழ்நாளில் நான் எனக்காக இல்லாமல் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பூ வலப்பக்கம் விழுந்தது.

பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, தண்டனையும் சொன்னார். இனி வேண்டுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் ஆடியில் நான் வந்து அடுப்பு மூட்ட வேண்டும். இன்று டப்பாவில் கை வைத்த அத்தனை பேரும் கூட வர வேண்டும். நாய்கள் திரும்பப் போய் நிழலில் படுத்துக்கொண்டன.

திரும்பி வருகையில், குணசீலம் தாண்டியதும், மல்லிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேட்டிருந்தா வீட்டுக்குப் போனதும் சமைச்சுக் குடுத்திருப்பேன்ல."

 

அந்த உணவுமுறை இன்னும் கொஞ்ச நாள் ஓடிற்று. பிறகு டாக்டர் சொன்ன அந்த ஒரு சொல் ஒருவழியாகக் காதில் ஏறி, இப்போது எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் எதிரெதிரே உட்காருவதை மட்டும் விடவில்லை. விரல் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒருத்தர் என்னை எழுப்பி நிறுத்தி, இவர்தான் அவசரம் ஒன்று என்று அறிமுகப்படுத்துகிறார்கள். முன்பெல்லாம் பங்காளிகள் நாங்கள் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் பார்த்துக்கொள்வோம். இப்போது என் தப்பின் புண்ணியத்தில் ஆடிக்கு ஆடி எல்லோரும் வந்துவிடுகிறார்கள். பழனியாண்டி அண்ணன் போன வருஷம் வரவில்லை. இனியும் வர மாட்டார். அவர் பங்கு இலையைப் போட்டுப் புதன்கிழமை என்று சொல்லித்தான் பரிமாறினோம்.

இன்னொன்றும் ஆகிவிட்டது. கிளம்பும்போது மல்லிகா எல்லைக்கல் பக்கத்தில் போய் நிற்பாள். நான் என் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். என்னைக் கேலி செய்வதற்காக மற்றவர்களும் திறந்து காட்ட ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் பழனியாண்டி அண்ணனின் புது மருமகள் முதல் தடவையாக வந்திருந்தாள். வரிசையில் வந்து, தன் ஹேண்ட்பேக்கைத் திறந்து, சீப்பு, செல்போன், பவுடர் டப்பா எல்லாவற்றையும் பயபக்தியோடு மல்லிகாவிடம் காட்டி, எல்லைக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்த முறை எத்தனை தலைமுறையா இருக்குங்க சின்னத்தை?" என்று கேட்டாள்.

மல்லிகா என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் என் காலியான பையை விரித்துப் பிடித்தபடி அடுத்ததாக நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் காலத்துலேர்ந்தும்மா" என்றாள்.